ஐஎஸ்ஓ ஃபைலைப் பென்டிரைவில் போட்டும் லேப்டாப் அதிலிருந்து ஏன் தொடங்கவில்லை?

உங்கள் கேள்வி இது: அக்காவின் லேப்டாப், 2019இல் வாங்கியது, விண்டோஸ் 10. ஒரு வாரமாக நீலத் திரை காட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது. உள்ளே குழந்தையின் ஐந்தாறு வருடப் படங்கள். வேறெங்கும் நகல் கிடையாது. பென்டிரைவிலிருந்து லேப்டாப்பைத் தொடங்கிப் படங்களை எடுக்கலாம் என்று, உபுண்டு என்ற இலவச லினக்ஸ் சிஸ்டத்தின் ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோடு செய்து பென்டிரைவில் காப்பி செய்து செருகினீர்கள். எந்த டிரைவிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவில் பென்டிரைவின் பெயர்கூட வரவில்லை. கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: வெளி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேக டிஸ்க்) ஒன்றில் முழு சிஸ்டத்தையே நிறுவி, போகிற இடமெல்லாம் எடுத்துப்போக முடியுமா?

முதலில் ஒரு எச்சரிக்கை. படங்கள் வெளியே வரும்வரை அந்த லேப்டாப்பின் டிஸ்கில் எதையும் எழுதக் கூடாது. விண்டோஸ் காட்டும் ‘ரீசெட்’ வேண்டாம். தெரிந்தவர் யாராவது ‘ஃபார்மேட் அடிச்சுத் தர்றேன்’ என்றால் அதுவும் வேண்டாம். உள்ளே இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்காக இருந்து, டக் டக் என்று சத்தம் வந்தால், இதற்கு மேல் படிக்காமல் லேப்டாப்பை அணைத்துவிட்டு டேட்டா மீட்பவர்களிடம் கொண்டுபோங்கள். அந்த நிலையில் ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் மிச்சத்தையும் கெடுக்கும்.

சத்தம் எதுவும் இல்லையா? சரி, விஷயத்துக்கு வருவோம். உங்கள் பென்டிரைவிலும் கோளாறு இல்லை, லேப்டாப்பின் போர்ட்டிலும் அநேகமாக இல்லை. ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு டிஸ்க்கின் அச்சு நகல். அதை ஒரே ஃபைலாகச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். நீங்கள் அந்தச் சுருட்டலை அப்படியே பென்டிரைவில் போட்டுவிட்டீர்கள். மதர்போர்டுக்கு அது ஒரு சினிமா ஃபைலுக்கும் எக்செல் ஃபைலுக்கும் சமம்; திறந்து பார்க்கவே பார்க்காது. பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டுக்குள்ளேயே இருக்கும் நிரல் (பழையதில் பயாஸ், புதியதில் யூஇஎஃப்ஐ என்று பெயர்) தேடுவது ஒரே ஒரு பொருளை, ஒரே ஒரு இடத்தில். அந்த இடம் எது என்று தெரிந்துகொண்டால், வெளி டிரைவ் தொடர்பான பிரச்சினைகளில் முக்கால்வாசியை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

பழைய கம்ப்யூட்டர்களில், அதாவது பயாஸ் காலத்தில், அந்த இடம் டிஸ்க்கின் முதல் 512 பைட். 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் வழக்கம் அது. பயாஸ் அந்த 512 பைட்டை எடுத்து நினைவகத்தில் வைக்கும். கடைசி இரண்டு பைட்டுகள் 55, ஏஏ என்று இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் முதல் பைட்டிலிருந்து ஓட்டத் தொடங்கிவிடும். அதற்குள் என்ன இருக்கிறது என்ற கவலை அதற்குக் கிடையாது. எம்பிஆர் என்ற பழைய முறையில் பார்ட்டிஷன்களாக, அதாவது பகுதிகளாகப் பிரித்த டிஸ்க் என்றால், அந்த 512இல் பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64, முத்திரைக்கு 2 போக, நிரலுக்கு மிஞ்சுவது 446 பைட். இந்தப் பத்தியின் முதல் மூன்று வாக்கியங்களைத் தமிழில் சேமித்தாலே கிட்டத்தட்ட அவ்வளவு ஆகிவிடும். அந்த இத்தனூண்டு இடத்தில் இருக்கும் நிரல்தான் அடுத்ததைத் தேடிக் கண்டுபிடித்து ஏற்ற வேண்டும்.

2019 லேப்டாப்பில் இருப்பது யூஇஎஃப்ஐ. இதற்கு 512 பைட்டோடு வேலை இல்லை. இதற்கு ஃபேட் வகை ஃபைல் சிஸ்டத்தை, அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஒரு முறையை, படிக்கத் தெரியும். புதிதாக ஒரு டிரைவைச் செருகினால், அதில் ஃபேட் பார்ட்டிஷன் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், இஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் பூட் என்ற ஃபோல்டர், அதற்குள் ‘பூட்எக்ஸ்64’ என்ற பெயரில் ஒரு இஎஃப்ஐ ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதை ஓட்டும். இல்லாவிட்டால் பெரும்பாலான லேப்டாப்கள் டிரைவின் பெயரை மெனுவில் காட்டுவதற்குக்கூட மெனக்கெடுவதில்லை. உங்களுக்கு நடந்தது இதுதான்.

இன்னொரு கண்ணியும் இங்கேயே இருக்கிறது. கடையில் வாங்கும் 64 ஜிபி, 128 ஜிபி பென்டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் ஆகி வருகின்றன. பெயரில் ஃபேட் இருந்தாலும் அது வேறு சாதி. பல மதர்போர்டுகளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஃபேட்32 ஆக இருக்க வேண்டும்.

இது தெரிந்தால் ஒரு வேடிக்கையான குறுக்குவழி கிடைக்கிறது. பென்டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து, ஐஎஸ்ஓவை ஜிப் ஃபைல் போலப் பிரித்து, உள்ளே இருப்பதையெல்லாம் அப்படியே பென்டிரைவின் முதல் மட்டத்தில் போட்டாலே பல லினக்ஸ்கள் யூஇஎஃப்ஐ லேப்டாப்பில் தொடங்கிவிடும். தனி மென்பொருளே தேவையில்லை. ஃபேட்32இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது என்பது மட்டும்தான் சிக்கல். விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் ‘இன்ஸ்டால்’ என்ற பெரிய ஃபைல் இப்போதெல்லாம் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதனால்தான் விண்டோஸுக்கு இந்த வழி பாதியில் நின்றுபோகிறது.

இருந்தாலும் உங்களுக்கு நான் சொல்வது ரூஃபஸ், ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் சரியாக எழுதித் தரும் இலவச மென்பொருள். நல்ல நிலையில் உள்ள இன்னொரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் அதை ஓட்டுங்கள்; இன்ஸ்டால் செய்யக்கூடத் தேவையில்லை. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்து, பார்ட்டிஷன் முறை ஜிபிடி (எம்பிஆருக்குப் பின் வந்த புதிய முறை) என்றும், இலக்கு யூஇஎஃப்ஐ என்றும் வைத்து ஸ்டார்ட் கொடுங்கள். உபுண்டு என்றால் நடுவில் ஒரு கேள்வி கேட்கும்: ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா? ஐஎஸ்ஓ முறை என்பது மேலே சொன்ன பிரித்துப் போடும் வேலை. டிடி என்பது ஃபைல்களைப் பார்க்காமல் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை பென்டிரைவின் மேல் அப்படியே எழுதிவிடுவது.

டிடி முறை எப்படி வேலை செய்கிறது என்பது எனக்கு எப்போதும் பிடித்த சங்கதி. ஐஎஸ்ஓ என்பது சிடிக்கான வடிவம். சிடியிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கும் முறையை 1995இல் எழுதி வைத்தார்கள். அது ஹார்டு டிஸ்க்கின் முறையிலிருந்து முற்றிலும் வேறு. சிடியில் ஒரு செக்டார் 2,048 பைட். முதல் 16 செக்டார், அதாவது 32,768 பைட், எதற்கும் பயன்படாமல் காலியாக விடப்பட்டிருந்தது. லினக்ஸ்காரர்கள் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார்கள். சிடி டிரைவ் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பயாஸோ முதல் 512 பைட்டை மட்டும்தான் பார்க்கும். எனவே ஹார்டு டிஸ்க்குக்கு உரிய தொடக்க நிரலையும் பார்ட்டிஷன் அட்டவணையையும் அந்தக் காலி இடத்தில் நுழைத்துவிட்டார்கள். ஒரே ஃபைல், சிடியில் எழுதினால் சிடி போலவும் பென்டிரைவில் எழுதினால் ஹார்டு டிஸ்க் போலவும் நடந்துகொள்ளும். இதற்கு ஐஎஸ்ஓ ஹைபிரிட் என்று பெயர். விண்டோஸ் ஐஎஸ்ஓவில் இந்த ஏற்பாடு கிடையாது. அதனால் அதை டிடி முறையில் எழுதினால் தொடங்காது.

டிடி முறையில் எழுதிய பென்டிரைவைத் திரும்ப விண்டோஸில் செருகினால் அது சில எம்பி அளவாகச் சுருங்கித் தெரியலாம், ‘ஃபார்மேட் செய்யவா?’ என்றும் கேட்கலாம். பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று பயந்து ஃபார்மேட் கொடுத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தவர்கள் நிறையப் பேர். கேன்சல் கொடுத்துவிட்டுப் பேசாமல் கழற்றுங்கள்.

பென்டிரைவ் பற்றி இன்னொரு சொல். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் நடைபாதையில் நம்பமுடியாத விலைக்கு 512 ஜிபி, 1 டிபி என்று கிடைப்பவற்றில் பல, உள்ளே 8 அல்லது 16 ஜிபி சிப்பை வைத்துக்கொண்டு பொய்யான அளவைச் சொல்பவை. எழுதும்போது பிழையே காட்டாது. நிறைந்த பிறகு பழையதன் மேலேயே எழுதிக்கொண்டிருக்கும். அக்காவின் படங்களை அப்படி ஒன்றில் காப்பி செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடப் போகிறீர்கள்.

இனி லேப்டாப். பூட் மெனுவை வரவழைக்கும் கீ கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெல்லில் எஃப்12. ஹெச்பியில் எஸ்கேப்பை அழுத்தி, பிறகு எஃப்9. லெனோவாவில் எஃப்12, ஐடியாபேட் வகை என்றால் பக்கவாட்டில் குண்டூசி நுழையும் அளவு ஓட்டை ஒன்று இருக்கும், அணைந்த நிலையில் அதற்குள் குத்தினால் மெனு வரும். ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். எம்எஸ்ஐயில் எஃப்11. ஏசரில் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் அது முடக்கப்பட்டே வரும். எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (யூஇஎஃப்ஐ லேப்டாப்பிலும் இந்த அமைப்புத் திரையைப் பழக்கத்தில் பயாஸ் என்றே சொல்கிறோம்) போய் ‘எஃப்12 பூட் மெனு’ என்பதை எனேபிள் செய்தால்தான் உயிர் பெறும். சில லேப்டாப்களில் எஃப் வரிசைக் கீகள் முதலில் வால்யூம், பிரைட்னஸ் வேலையைத்தான் செய்யும். அங்கே எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும். அமுக்கிப் பிடித்திருப்பதைவிட, பவர் கொடுத்த நொடியிலிருந்து தட்டித் தட்டிக் கொடுப்பது நல்லது.

நேரம் பிடிபடவே இல்லை என்றால், விண்டோஸே ஒரு வாசல் வைத்திருக்கிறது. இரண்டு மூன்று முறை தொடர்ந்து தொடங்கத் தவறினால் அது தானாகவே ரிப்பேர் திரைக்குப் போகும். அங்கே ‘யூஸ் எ டிவைஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் பென்டிரைவின் பெயர் வரும். அந்தத் திரையில் ரீசெட்டும் இருக்கிறது. விரல் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒழுங்காக எழுதிய பென்டிரைவும் மெனுவில் வரவில்லையா? நான் பார்த்தவரை காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது, பயாஸில் உள்ள ஃபாஸ்ட் பூட். நேரம் மிச்சப்படுத்துவதற்காக யூஎஸ்பி பக்கம் பார்க்காமலேயே போய்விடும், அணைத்து வையுங்கள். இரண்டாவது, ஹப். பென்டிரைவை ஹப்பில் செருகாமல் நேரே லேப்டாப்பில் செருகுங்கள், முடிந்தால் வேறு போர்ட்டிலும் முயலுங்கள். மூன்றாவது, முறை மாறியிருப்பது. எம்பிஆர், பயாஸ் என்று எழுதிய பென்டிரைவை யூஇஎஃப்ஐ மட்டும் தெரிந்த லேப்டாப்பில் செருகினால் அதற்கு இது கண்ணிலேயே படாது. தலைகீழாகவும் அப்படித்தான். பத்துப் பன்னிரண்டு வருடம் பழைய லேப்டாப் என்றால் எம்பிஆர் முறையில் எழுதிப் பார்க்க வேண்டியிருக்கும்.

பெயர் வருகிறது, தேர்ந்தெடுத்தால் சிவப்புப் பெட்டியில் செக்யூரிட்டி என்று ஏதோ சொல்லி மறுக்கிறது என்றால் அது செக்யூர் பூட். நம்பகமான கையொப்பம் உள்ள நிரலை மட்டும் ஓட்டுவேன் என்ற ஏற்பாடு. உபுண்டு, ஃபெடோரா, டெபியன் ஆகியவற்றின் தொடக்க நிரலில் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் உண்டு. எனவே செக்யூர் பூட்டை அணைக்காமலே அவை தொடங்க வேண்டும். ஆனால் உங்களிடம் இருப்பது சில வருடம் பழைய ஐஎஸ்ஓ என்றால் தொடங்காமல் போகலாம். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், ஓட்டை உள்ள பழைய தொடக்க நிரல்களை ஒதுக்கி வைத்தது. அன்றுவரை ஓடிய பென்டிரைவ்கள் பல, ‘எஸ்பேட்’ சோதனை தோற்றது என்று ஒரு வரி காட்டிவிட்டு அணைந்துபோயின. புதிய ஐஎஸ்ஓவை இறக்கி எழுதினால் தீர்ந்தது. ஒரே பென்டிரைவில் பல ஐஎஸ்ஓக்களை வைத்துக்கொள்ள உதவும் வென்டாய் நல்ல கருவிதான், நானும் பயன்படுத்துகிறேன். செக்யூர் பூட் இருக்கும் லேப்டாப்பில் முதல் தடவை நீல மெனு ஒன்று வரும், அதில் அதன் சாவியைப் பதிவு செய்ய வேண்டும். முதல்முறை செய்பவர் ரூஃபஸோடு நிற்பது நல்லது.

செக்யூர் பூட்டை அணைப்பதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். லேப்டாப்பில் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைச் சங்கேதமாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி, இருக்கிறதா? வாங்கியவர் ஆன் செய்யாமலே பல லேப்டாப்களில் டிஸ்க் என்கிரிப்ட் ஆகி இருக்கும். அதன் சாவி டிபிஎம் சிப்பில் இருக்கிறது. தொடக்க ஏற்பாட்டில் கை வைத்தால் சிப் சாவியைத் தர மறுக்கும், விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அந்த எண், அக்கா லேப்டாப்பில் நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். போனிலிருந்தே அந்தக் கணக்கில் நுழைந்து, எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு பயாஸைத் தொடுங்கள். லினக்ஸிலிருந்து அந்த டிஸ்க்கைத் திறக்கும்போதும் இதே எண்ணைத்தான் கேட்கும். எண் இல்லாவிட்டால் படங்கள் இல்லை. இதற்குச் சுற்றுவழி எதுவும் கிடையாது, இருக்கிறது என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள்.

உபுண்டு தொடங்கியதும் ‘டிரை’, ‘இன்ஸ்டால்’ என்று இரண்டு வழி காட்டும். டிரை. இப்போது ஓடுவது பென்டிரைவிலும் ரேமிலும்தான். லேப்டாப்பின் டிஸ்க்கை யாரும் தொடவில்லை. இடதுபுறம் ஃபைல்ஸைத் திறந்தால் விண்டோஸ் டிஸ்க் அதன் அளவோடு தெரியும்.

தெரியாமலும் போகலாம், 2019 லேப்டாப் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்தக் காலத்து இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க்கை நேரடியாகக் காட்டாமல், ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்ற முறையில் மறைத்து வைத்திருப்பார்கள். லினக்ஸுக்கு டிஸ்க்கே இல்லாதது போலத் தோன்றும். ‘டிஸ்க் செத்துப்போச்சு’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பயாஸில் சேட்டா மோட் என்ற இடத்தில் அதை ஏஹெச்சிஐ என்று மாற்றினால் டிஸ்க் தெரியும். சில ஏசர்களில் அந்த வரியே மறைந்திருக்கும். மெயின் பக்கத்தில் கண்ட்ரோல் எஸ் அழுத்தினால் வெளிவரும். மாற்றும் முன் பழைய அமைப்பைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் அதே இடத்துக்குத் திருப்புங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் இதற்காக இன்னொரு நீலத் திரை காட்டும். லேப்டாப்பில் ஆப்டேன் மெமரி (டிஸ்க்கை வேகப்படுத்த இன்டெல் கொடுத்த துணை நினைவகம்) இருந்தால் மட்டும் இந்த மாற்றத்தைச் செய்யாதீர்கள். டிஸ்க்குக்குப் போக வேண்டிய தகவலின் ஒரு பகுதி அதில் தங்கியிருக்கக்கூடும்.

டிஸ்க் தெரிகிறது, கிளிக் செய்தால் திறக்க மறுக்கிறது என்றால், விண்டோஸ் ஒழுங்காக அணையவில்லை என்று அர்த்தம். விண்டோஸ் 8 முதலே ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற பெயரில் பாதித் தூக்கத்துக்குத்தான் போகிறது. பாதித் தூக்கத்தில் இருக்கும் டிஸ்க்கில் வேறொருவர் எழுதினால் குழப்பம் என்பதால் லினக்ஸ் தயங்குகிறது. அந்தத் தயக்கம் நமக்கு நல்லதுதான், நமக்குப் படித்தால் போதும். கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் ஜன்னலில் மவுண்ட் கட்டளையோடு ‘ஆர்ஓ’ என்ற தேர்வைச் சேர்த்து, படிக்க மட்டும் என்ற முறையில் திறந்துகொள்ளுங்கள். தேடினால் முதலில் கிடைக்கும் ஆலோசனை என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் ஓட்டச் சொல்லும். அது டிஸ்க்கில் எழுதும் கருவி. படங்கள் வெளியே வந்தபிறகு வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம்.

படங்கள் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் அக்காவின் பெயரில் இருக்கும். பிக்சர்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் மூன்றையும் பாருங்கள். நம் வீடுகளில் பாதிப் படம் டவுன்லோட்ஸில்தான் கிடக்கும். ஒன்டிரைவ் ஃபோல்டரில் பெயர் இருந்தும் திறக்காத ஃபைல்கள் இருந்தால் பதற வேண்டாம், அவை லேப்டாப்பில் இல்லை, இணையத்தில் இருக்கின்றன. இன்னொரு வெளி டிரைவைச் செருகி அதற்குக் காப்பி செய்யுங்கள். முக்கியமான ஒன்று: காப்பி முடிந்தது என்று பட்டை நிறைந்தாலும், கடைசிச் சில நூறு எம்பி ரேமிலேயே நிற்கலாம். இஜெக்ட் கொடுத்து, கழற்றலாம் என்று சொல்லும்வரை உருவாதீர்கள். பிறகு அந்த டிரைவை வேறு கம்ப்யூட்டரில் செருகி, நாலைந்து படத்தையாவது திறந்து பார்த்த பிறகுதான் அக்காவுக்கு போன். அதன் பிறகு நீலத் திரையைச் சரி செய்யலாம், விண்டோஸைப் புதிதாகவே போட்டாலும் நஷ்டமில்லை. உபுண்டுவை மூடும் முன் டிஸ்க்ஸ் என்ற நிரலில், டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் தகவலையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். டிஸ்க்கே தேய்ந்திருந்தால் அதே டிஸ்க்கில் விண்டோஸைத் திரும்பப் போடுவது வீண்.

இரண்டாவது கேள்வி: முழு சிஸ்டத்தையே வெளி எஸ்எஸ்டியில் வைத்து எடுத்துப்போவது. முடியும், லினக்ஸ் என்றால் நன்றாகவே முடியும். நான் நாலு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன். பென்டிரைவில் செய்யாதீர்கள், சின்னச் சின்னதாக ஆயிரம் இடத்தில் எழுதும் வேலைக்கு அது ஆகாது, ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். எஸ்எஸ்டி, அதுவும் யூஎஸ்பி 3 போர்ட்டில். யூஎஸ்பி 2 போர்ட் நடைமுறையில் நொடிக்கு 30, 35 எம்பிக்கு மேல் தராது. கொடுக்கும் மின்சாரமும் 500 மில்லிஆம்பியர்தான், யூஎஸ்பி 3இல் 900. மின்சாரம் போதாமல் நடுவில் துண்டித்துக்கொள்ளும் டிரைவை விடத் தலைவலி வேறில்லை.

நிறுவும்போது ஒரு பள்ளம் இருக்கிறது, நானே விழுந்தது. ஊரடங்கின்போது அண்ணனின் லேப்டாப்பில் என் எஸ்எஸ்டியைச் செருகி, நிறுவ வேண்டிய இடமாக அதையே தேர்ந்தெடுத்து, எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனால் நிறுவல் நிரல், தொடக்க நிரலை மட்டும் அண்ணனின் உள் டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்த இஎஃப்ஐ பார்ட்டிஷனில் கொண்டுபோய் வைத்துவிட்டது. எஸ்எஸ்டியைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலை அண்ணன் போன்: “விண்டோஸ் எங்கடா? கறுப்பா ஒரு ஸ்க்ரீன், கிரப்னு போட்டு ஒரு கோடு மின்னுது.” கிரப் என்ற லினக்ஸ் தொடக்க நிரல் அங்கே, அது தேடும் அமைப்பு ஃபைல் என் பையில். பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றச் சொல்லி அரை மணி நேரம் போனில் வழி நடத்தினேன். என் எஸ்எஸ்டியும் எந்த லேப்டாப்பிலும் தொடங்கவில்லை.

ஏன் தொடங்கவில்லை என்பதற்கு விடை முதலில் சொன்ன இடம்தான். உள் டிஸ்க்கில் நிறுவும்போது, ‘இன்ன பார்ட்டிஷனில் இன்ன ஃபைலை ஓட்டு’ என்ற குறிப்பு மதர்போர்டின் சொந்த நினைவகத்தில் பதிவாகிறது. எஸ்எஸ்டியை வேறு லேப்டாப்புக்குக் கொண்டுபோனால் அந்த மதர்போர்டுக்கு அந்தக் குறிப்பு தெரியாது. அது பூட்எக்ஸ்64 என்ற பொதுப் பெயரை மட்டும்தான் தேடும். எனவே ஊர் சுற்றும் எஸ்எஸ்டியில் இரண்டு விஷயம் கட்டாயம்: அதற்கென்று சொந்தமாக ஃபேட்32 இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்று, அதில் பொதுப் பெயரில் தொடக்க நிரல். எளிய வழி, நிறுவும் நேரத்தில் உள் டிஸ்க்கைக் காணாமல் செய்வது. பல பயாஸ்களில் அதை டிசேபிள் செய்ய முடியும். இல்லாவிட்டால் பின்மூடியைத் திறந்து எம்.2 எஸ்எஸ்டியின் ஒரே ஒரு திருகைக் கழற்றினால் போதும். உள் டிஸ்க்கே கண்ணில் படாதபோது நிறுவல் நிரலுக்கு வேறு போக்கிடம் கிடையாது. முடிந்ததும் எஸ்எஸ்டியின் இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட் ஃபோல்டரும் அந்த ஃபைலும் இருக்கின்றனவா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் கிரப் நிறுவும் கட்டளையில் ‘ரிமூவபிள்’ என்ற தேர்வைச் சேர்த்து ஓட்டினால் அது அங்கே வைத்துவிடும்.

மற்றபடி பெரிய தொந்தரவு இல்லை. பார்ட்டிஷன்களை வரிசை எண்ணால் இல்லாமல் தனி அடையாள எண்ணால் லினக்ஸ் கண்டுகொள்வதால், எந்த போர்ட்டில் செருகினாலும் குழம்பாது. கிராபிக்ஸ் சிப்புக்கான என்விடியாவின் சொந்த டிரைவர் மென்பொருளை மட்டும் இதில் போடாதீர்கள். நிறுவும்போதே முழு டிஸ்க் என்கிரிப்ஷனைப் போட்டுவிடுங்கள். பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கக்கூடிய பொருள் இது.

விண்டோஸில் இதே வசதி வேண்டும் என்றால், மைக்ரோசாஃப்டே விண்டோஸ் 8 எண்டர்பிரைஸோடு 2012இல் ‘விண்டோஸ் டு கோ’ என்று ஒன்றைக் கொடுத்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது டிரைவ் தவறிக் கழன்றால் திரை அப்படியே உறைந்து நிற்கும், 60 நொடிக்குள் திரும்பச் செருகினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். நல்ல யோசனை, ஆனால் 2020இல் விண்டோஸ் 10இன் ‘2004’ என்ற எண் கொண்ட பதிப்போடு எடுத்துவிட்டார்கள். சாதாரண விண்டோஸ் நிறுவல் நிரல் யூஎஸ்பி டிரைவில் நிறுவ ஒப்புக்கொள்ளாது. ரூஃபஸில் இன்றும் அந்தத் தேர்வு இருக்கிறது, ஓடவும் ஓடுகிறது. அவசரத்துக்குச் சரி, அன்றாட வேலைக்கு நான் நம்ப மாட்டேன்.

நண்பர்களின் மேக்கிலும் செருகலாம் என்று நினைத்திருந்தால், வருடத்தைப் பாருங்கள். பழைய இன்டெல் மேக்குகளில் ஆப்ஷன் கீயைப் பிடித்துக்கொண்டு ஆன் செய்தால் போதும். 2017 கடைசியிலிருந்து ஆப்பிளின் டி2 பாதுகாப்புச் சிப்போடு வந்தவற்றில், ரெகவரிக்குள் போய் வெளி டிரைவிலிருந்து தொடங்க அனுமதி கொடுத்த பிறகுதான் நடக்கும். 2020 நவம்பரில் தொடங்கிய எம் வரிசை மேக்குகளில் நம் உபுண்டு எஸ்எஸ்டி தொடங்கவே தொடங்காது, சிப்பே வேறு. வெளி டிரைவில் மேக்ஓஎஸ் வைத்துத் தொடங்கலாம்தான், ஆனால் அதற்கான அனுமதிக் குறிப்பு உள் எஸ்எஸ்டியில் இருக்கிறது. உள் எஸ்எஸ்டி செத்தால் வெளி டிரைவும் உதவாது.

என் எஸ்எஸ்டியின் முதுகில் பிளாஸ்திரித் துண்டு ஒன்று ஒட்டி, பால்பாயின்ட் பேனாவில் எழுதி வைத்திருக்கிறேன்: டெல், லெனோவா 12, ஹெச்பி எஸ்கேப், 9, ஆசுஸ் எஸ்கேப், எம்எஸ்ஐ 11, ஏசர் முதலில் 2, அப்புறம் 12. கடைசி வரியில் அண்ணன் தன் கையெழுத்தில் ஒன்று சேர்த்திருக்கிறான்: ‘என் லேப்டாப் தவிர.’